பூசையில் வைத்த கருப்பு சீடி

இந்தக் காலத்தில் எவனும் வித்த சாமானை விட்டுத் தொலைப்பதில்லை. அரிவாள் அடித்துக் கொடுத்த ஆசாரி, "வாழை மட்டும்தான் வெட்டணும், உடைமரம் வெட்டக் கூடாது" என்று கூடவே வந்து நின்றானா? இப்போது நிற்கிறானாம். பெட்டிக்குள்ளேயே நிற்கிறானாம்.

என் மருமகன் கொம்பையா துபாயிலிருந்து அனுப்பின வீடியோ கேம் பெட்டி அது. டிவியில் செருகி சீடியைப் போட்டால் கார் ஓடும். பிள்ளைகள் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து விளையாடும். அதை நம்பித்தான் என் மகள் சுடலைவடிவு பாளையங்கோட்டையில் கடை போட ஒரு ரூம் பிடித்தாள். பத்து வருஷம் பீடி சுற்றி நெஞ்சு கெட்டுப்போனவள். இனி புகையிலைத் தூளைத் தொடாதே என்று டாக்டர் சொல்லியாச்சு. பெட்டி ஓடாவிட்டால் மறுபடியும் பீடிதான்.

ஆயுத பூசைக்கு நான்தான் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். சீடிக்கும் வைத்தேன். மேல்பக்கம் படம் இருந்தது. அடிப்பக்கம் கன்னங்கரேல் என்று இருக்க, அதில்தான் பொட்டு எடுப்பாக இருந்தது. மறுநாள் காய்ந்து இறுகிவிட்டது. குத்துவிளக்கைத் தேய்க்கிற மாதிரி தேங்காய் நாரால் தேய்த்தேன். அன்றோடு கார் நின்றது. தப்பு என்னுதுதான். இல்லை என்று சொல்லவில்லை.

சீடிக் கடைக்காரன் நடராஜ் அதே விளையாட்டு என்று ஒரு வெள்ளை சீடி கொடுத்தான். போட்டால் பெட்டி சும்மா முழித்தது. மகளையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு அவன் கடைக்குப் போனேன்.

"ஏலே, செத்த சீடியை வித்திருக்க!"

"இல்ல அண்ணாச்சி. இது காப்பி. அசல் சீடியில ஜப்பான் கம்பெனிக்காரன் ஒரு குறி வச்சிருக்கான். காப்பியில அது மட்டும் வராது. குறி இல்லன்னா பெட்டி ஓட்டாது."

"முருகன் பாட்டு சீடியும் நீ காப்பி போட்டதுதான? இதே பெட்டியில காலையில பாடுச்சே?"

"பாட்டுக்குக் குறி பாக்காது. விளையாட்டுக்கு மட்டுந்தான்."

"அதென்னவே, ஆளு பாத்துத் திறக்கதுக்கு அது என்ன கோயில் கதவா?"

அவன் சிரித்தான். "பெட்டியத் திறந்து ஒரு சிப்பு வச்சுப் பத்தவச்சிருவோம். குறி இருக்குன்னு அது சொல்லிரும்."

"பொய்சாட்சி வைக்கப்போற."

"அப்படியே வச்சுக்கிடுங்க."

"திறக்கக் கூடாது" என்றேன். என் ரேடியோவை ஒருத்தன் இப்படித்தான் திறந்தான். பிறகு அதில் இலங்கை ஸ்டேஷன் எடுக்கவே இல்லை.

வடிவு இருமிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "நீங்க நாரு வச்சுத் தேச்சதுக்கு நான் பீடி சுத்தணுமாப்பா? தள்ளுங்க. நீங்க திறங்கண்ணே."

தள்ளி நின்றேன். நடராஜ் கழற்றின ஒவ்வொரு திருகாணியையும் கண்ணால் எண்ணினேன். ஈயம் புகைந்தது. பெட்டியை மூடி, அதே வெள்ளை சீடியைப் போட்டான். கார் ஓடியது. வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இப்பமாது நம்புதியளா அண்ணாச்சி?"

"எத நம்ப? பூட்டுனதும் நீ, திறந்ததும் நீ."

"பூட்டுனவன் ஜப்பான்காரன்!"

"ஜப்பான்காரனுக்கு என் மக வீட்டுப் பெட்டியில என்னலே வேலை?"

வடிவு ஆட்டோவைக் கைகாட்டினாள். "ஏறுங்கப்பா."

"நீ போய்க் கடையத் திற" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பு பக்கம் நடந்தேன். நடராஜ் வாசல்வரைக்கும் வந்து என்னவோ விளக்கிக்கொண்டிருந்தான். நான் திரும்பவில்லை. குறியாவது, மண்ணாவது.