எழுபத்தொன்று

…அடுத்து கத்தரிக்கோலும் கலப்பையும் வரும், வந்தே ஆகவேண்டும், பொன்னாத்தாள் அக்கா சொன்ன வரிசை இதுவரை ஓரிடத்தில்கூடப் பிசகவில்லையே என்று சுப்புத்தாய் நினைத்து முடிப்பதற்குள், எதிரே உட்கார்ந்திருந்த தேவகிருபை டீச்சரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, “கத்தரிக்கோல், கலப்பை. ரெண்டுக்கும் என்ன ஒற்றுமை?” என்று கேட்டார், அக்கா வயலில் களை பறித்துக்கொண்டே சொன்ன அதே சொற்கள், அதே இழுவை, கேள்விக்கு முன்னால் வரும் சின்னச் செருமல்கூட அப்படியே. சிரிப்பு வந்துவிடுமோ? உதட்டைக் கடித்துக்கொண்டு, “ரெண்டும் பிளக்கும் டீச்சர், ஒண்ணு துணியை, ஒண்ணு மண்ணை” என்றாள். டீச்சரம்மா எழுதிக்கொண்டார். அந்தப் பதிலைக் கண்டுபிடித்ததும் அக்காதான், வரப்பில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே, ஒரு நொடியில். ஒரு வருடம் கழித்து வந்த ஒரு நொடி… போன வருடம் இதே உத்தமபாளையத்துச் சத்திரத்தில், இதே நாற்காலியில், அந்த நொடி ஏன் அவளுக்கு வராமல் போயிற்று? வராமல் இல்லை, வந்துகொண்டிருந்தது, கடிகாரம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். அக்கா எதையும் கேட்டவுடன் சொல்லமாட்டாள், ஊறப்போட்டுத்தான் எடுப்பாள். மதுரையிலிருந்து வந்த கடிதத்தில், ஆசிரியைப் பயிற்சிக்கு ஏற்றவர் அல்லர், புத்தி அளவு எழுபத்தொன்று, மந்தம் என்று இருந்தது, சங்கரலிங்கம் மாமா அதைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார், மறுநாளிலிருந்து அனுமந்தன்பட்டியில் அக்காவுக்குப் பெயர் எழுபத்தொண்ணு. எழுபத்தொண்ணு நாற்று முடிச்சுக் கட்டிருச்சா, எழுபத்தொண்ணைக் கூப்பிடுங்கடி… ராயப்பன்பட்டிப் பள்ளிக்கூடத்துக்கு வெயிலில் நடந்தே போய் எட்டாவது முடித்தவள், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

அப்படி இருந்தவள்தான் போன மாதம், சுப்புத்தாய்க்குப் பரீட்சைக் கடிதம் வந்த அன்று, குனிந்த தலை நிமிராமல், “மொதக் கேள்வி, கண்ணாடி எதுக்கு…” என்று தொடங்கினாள், இருபத்து மூன்று கேள்வி, ஒன்று விடாமல், ஒன்று மாறாமல், தலைகீழாகச் சொல்லச் சொன்ன எண்கள்கூட. ஏழு மூணு ஒம்பது ரெண்டு ஆறு. ஒரு வருடம் எங்கே வைத்திருந்தாள் அத்தனையையும்? “எழுதி வச்சிருந்தியாக்கா?” “எதுக்கு எழுத? அங்கன கேட்டதுதேன, காதுல கெடக்கு.” இதைப் படித்துக்கொண்டு போய்ச் சொன்னால் திருட்டாகாதா என்று சுப்புத்தாய் கேட்டதற்கு, அக்கா ஒரு கோரையைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டு, “நாந் தெரிஞ்சதச் சொல்றேன், நீ தெரிஞ்சுக்கிற. பள்ளிக்கூடத்துல வேற என்ன நடக்குதாம்?” என்றாள். இதற்கு யாராவது மதிப்பெண் போடுவார்களா?

“ஒருத்தர் தன் கல்யாணத்துக்குத் தன் மகனையும் கூட்டிக்கொண்டு போனார். இதில் என்ன தப்பு?” இந்தக் கேள்விக்கு அக்கா போன வருடம், ஒரு தப்பும் இல்லையே டீச்சர், ரெண்டாந்தாரமா இருக்கும் என்று சொல்லிவிட்டாளாம், சைபர். பொய்யா சொன்னாள்? சங்கரலிங்கம் மாமாவின் இரண்டாவது கல்யாணத்துக்கு மூத்த மகன்தானே பந்தல்கால் நட்டான், ஊரே பார்த்ததே. ஆனால் இவர்களுக்கு வேண்டியது வேறு. “கல்யாணம் ஆகுறதுக்கு முன்னாடி மகன் எப்படி டீச்சர் இருப்பான்?” டீச்சரம்மா தலையாட்டினார். சுப்புத்தாய்க்கு நாக்கு கசந்தது.

பிறகு வட்டம் வரைந்த தாள் வந்தது. இது ஒரு வயல், இங்கே ஒரு வாசல், உள்ளே உன் பந்து தொலைந்துவிட்டது, எப்படி நடந்து தேடுவாய், கோடு போட்டுக் காட்டு. தெரியும், நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி நடுவில் போய் முடியவேண்டும், போன வருடம் அக்காவுக்கு அடுத்து உட்கார்ந்த ஒரு பெண் அப்படிப் போட்டதற்கு டீச்சரம்மா மெச்சிச் சிரித்ததை அக்கா வாசலிலிருந்து பார்த்திருக்கிறாள். அக்கா பென்சிலைப் பிடித்தபடி, பள்ளம் எந்தப் பக்கம் டீச்சர் என்று கேட்டுக்கொண்டே நேரத்தைத் தொலைத்திருந்தாள். கேட்காமல் எப்படி? வாய்மடையில் பாய்ந்த தண்ணீர் கடைமடைக்கு ஓடும்படிதானே வயலை அமைப்பார்கள், சரிவு இல்லாத வயல் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டா, பந்து மேட்டிலா நிற்கும்? பென்சில் நத்தையை ஒரு சுற்றுத் தொடங்கியது… நின்றது. இருபது கேள்வி அவர்களுக்காகச் சொல்லியாகிவிட்டது. சுப்புத்தாய் வாசலிலிருந்து எதிர்க்கரைக்கு நேராக ஒரே கோடு இழுத்தாள், கரையோரமாகக் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம்.

“அவ்வளவுதானா? மிச்ச வயலெல்லாம் தேட வேண்டாமா?”

“வேணாம் டீச்சர். பந்து பள்ளத்துக்குத்தேன் உருளும். கடைமடை வரப்புல கிடக்கும்.”

டீச்சரம்மா ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தார், பக்கத்திலிருந்த அச்சடித்த விடைக்குறிப்பைப் பார்த்தார், பிறகு சைபர் போட்டார். சுப்புத்தாய்க்கு அந்தச் சைபர் தலைகீழாகத் தெரிந்தது, சைபரைத் தலைகீழாகப் பார்த்தாலும் சைபர்தான், ஆனால் நெஞ்சு நிமிர்ந்து கொண்டது, காலையிலிருந்து வாங்கியதிலேயே இது ஒன்றுதான் வீட்டு மதிப்பெண், அக்காவும் நானும் சேர்ந்து வாங்கியது. கடைசியில் இரண்டு கேள்வி புதிதாக வந்தன, அக்கா சொல்லாதவை, ஒன்று கிழமைக் கணக்கு, இன்னொன்று யார் நெட்டை யார் குட்டை என்று, யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது, இரண்டும் சரியாம்.

டீச்சரம்மா கூட்டிப் பார்த்தார். “நூற்றுப் பதினெட்டு. உனக்கு இடம் உண்டம்மா. கெட்டிக்காரி.”

இதைக் கேட்பதற்குத்தானே வந்தது? எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். “டீச்சர், எங்கக்காவுக்கு இன்னொருவாட்டி வச்சுப் பாக்க முடியுமா? போன வருசம் வந்தாக, பொன்னாத்தாள்னு.”

டீச்சரம்மா கனிவாகத்தான் சொன்னார். “ஒருத்தருக்கு ஒரு தடவைதாம்மா. புத்தி என்பது உயரம் மாதிரி, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாறாது.”

உயரம் மாதிரியா… நீங்கள் கேட்ட இருபத்து மூன்றையும் உங்கள் செருமலோடு சேர்த்து ஒப்பிக்கிறவள் வாசலில் நிற்கிறாள் டீச்சர், கூப்பிடட்டுமா, என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இடம் போகும். இடம் போனாலும் பரவாயில்லையா? வண்டி பூட்டிக் கூட்டிவந்தவள் அக்கா, இடம் போனால் முதலில் துடித்துப்போகிறவளும் அவள்தான். சுப்புத்தாய் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

பொன்னாத்தாள் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றிருந்தாள். “கெடச்சிருச்சுக்கா” என்றதும் தங்கையின் இரண்டு கன்னத்தையும் வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக்கொண்டாள், எத்தனை என்று கேட்கவே இல்லை, அவளுக்கு எண் எதற்கு? பெருமையில் முகம் பொங்கிப்போய்க் கிடந்தது, தானே வென்று வந்தவள்போல… போலவா?

“சரி, புதுசா எதுவும் கேட்டாகளா?”

“ரெண்டு.”

“சொல்லு, சொல்லு ஆத்தா. மெதுவா யோசிச்சுப் பாக்குறேன்.” அவள் கண்ணில் அப்படியொரு பசி.

“அஞ்சு நாளைக்கு முன்னாடி வியாழக்கிழமைன்னா, நாளை மறுநாள் என்ன கிழமை. அது ஒண்ணு.” அக்கா உதடு அசையாமல் வாங்கிக்கொண்டாள். இனி அது எந்தக் காலத்துக்கும் போகாது. “ரெண்டாவது… மூணு பொம்பளைக… ஒருத்தி நெட்டை…”

யாரைவிட நெட்டை? சுப்புத்தாய் மாட்டின் திமிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால்மணி நேரம்கூட ஆகவில்லை, பதில் சொல்லி மதிப்பெண் வாங்கிய கேள்வி, பெயர்கள்கூட வந்தனவே, என்ன பெயர்கள்… அக்கா அவசரப்படுத்தாமல் காத்துக்கொண்டிருந்தாள்.