மூணாம் நம்பருக்கு மூணு அழுத்து

அட்டை ஆலையில் காற்றை ஊதித் தள்ளும் மூணாம் நம்பர் புளோயருக்கு அன்று தொண்ணூற்றைந்தாவது நாள். அதாவது, அது கடைசியாக நின்று தொண்ணூற்றைந்து நாட்கள் ஆகியிருந்தன. வாசலில் மேனேஜர் மாட்டியிருந்த பெரிய பலகை அதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. பலகையில் தினமும் எண்ணை மாற்ற ஓர் ஆள், அவர் ஏற ஓர் ஏணி, ஏணியைப் பிடித்துக்கொள்ள இன்னோர் ஆள். புளோயரைப் பார்த்துக்கொள்ள மட்டும் ஒரே ஆள். அவனும் ஒப்பந்தத் தொழிலாளி.

சம்பளப் பட்டியலில் அவனுக்கு எந்தப் பெயர் இருந்தாலும் ஆலையில் அவன் ஸ்டெத்து. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடும் இயந்திரத்தின் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால், உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் என்ன பாடுபடுகிறது என்று சொல்லிவிடுவான். நல்ல பேரிங் தூரத்து மழைபோல ஒரே சீராகக் கேட்கும். கெட்டது, யாரோ தூக்கத்தில் பல்லைக் கடிப்பதுபோலக் கேட்கும்.

ஏழு வருஷமாக ஒப்பந்தத்தில் காலத்தை ஓட்டியவனுக்கு மேனேஜர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். புளோயர் நூறு நாள் நிற்காமல் ஓடினால் அவனுக்கு வேலை நிரந்தரம். எழுத்தில் தரவில்லை. ஆனால் மைக்கில் சொன்னார். அந்த ஆலையில் மைக்கில் சொன்னதை மாற்ற இன்னொரு மைக் வேண்டும்.

அன்று காலை சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே மனைவி கேட்டாள். "இன்னிக்கு எத்தன?"

"தொண்ணூத்தஞ்சு."

"இன்னும் அஞ்சு நாள்தான். அதுக்குள்ள எதையாவது கழட்டித் தொலைக்காத. எங்கண்ணன் போன் பண்ணும்போதெல்லாம் கேக்குறான், மாப்ள இன்னும் டெம்பரவரிதானான்னு."

"நீ என்ன சொன்ன?"

"கல்யாணம் பர்மனென்ட், ஆளு டெம்பரவரின்னேன்."

ஆலைக்குப் போய் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தான். மழையும் கேட்கவில்லை, பல்லும் கேட்கவில்லை. யாரோ முழங்கால் அளவு சேற்றில் மூச்சு வாங்க நடப்பதுபோல ஒரு சத்தம். பேரிங் கூட்டின்மேல் கையை வைத்தான்; வைத்த வேகத்தில் எடுத்தான். வெப்பமானி எண்பத்தெட்டு டிகிரி என்றது. வழக்கமாக அறுபதைத் தாண்டாது. நூறைத் தொட்டால் இந்த ரக கிரீஸ் இளகி ஒழுகிவிடும், அப்புறம் பேரிங்குக்குள் உருளும் குண்டுகள் வெறும் இரும்பில் உரசும், அப்புறம் புளோயர் நிற்கும். ஆக, பலகையும் வெப்பமானியும் போட்டி போட்டுக்கொண்டு ஒரே நூறை நோக்கி ஓடிக்கொண்டிருந்தன. இரண்டில் எது முந்துகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அவன் பிழைப்பு.

காரணம் அவனுக்குத் தெரியும். பலகை புகழடைந்ததிலிருந்து ஆலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் மூணாம் நம்பரைப் பார்க்கவேண்டும் என்றார்கள். பார்த்தால் மட்டும் போதுமா? புகைப்படம் வேண்டாமா? எனவே கையில் கிரீஸ் கன்னைக் கொடுத்து, பேரிங்கின் தலையில் கிரீஸ் உள்ளே போகும் சின்ன நிப்பிளில் பொருத்தி, மூணு அழுத்து அழுத்தச் சொல்வது வழக்கமாயிற்று. வங்கி அதிகாரி அழுத்தினார். காப்பீட்டுக்காரர் அழுத்தினார். கல்லூரியிலிருந்து வந்த நாற்பது மாணவர்கள் வரிசையில் நின்று அழுத்தினார்கள். மேனேஜரின் மாமியார் ஒரு கையில் கைப்பையை விடாமல் அழுத்திவிட்டு, "பாவம், எவ்வளவு நாளா ஓடுது" என்று கூட ரெண்டு அழுத்து போட்டார்.

அதிகமாகும் கிரீஸ் வெளியேறத்தான் கூட்டின் அடியில் ஒரு துளை உண்டு. அது தரையில் சொட்டியது. தரைத் தூய்மைக் குழு வந்து பார்த்து, முகம் சுளித்து, துளையைத் திருகாணியால் அடைத்து, மேலே மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிற்று. அந்த மாதத்துக்கான தூய்மைக் கேடயமும் மூணாம் நம்பருக்கே கிடைத்தது.

ஒரு பேரிங் எப்படிப் பிறக்கிறது என்று நினைத்தாலே ஸ்டெத்துக்கு மனசு கேட்காது. எஃகுக் கம்பியைத் துண்டு போட்டு, இரண்டு அச்சுக்கு நடுவில் நசுக்கி உருட்டுவார்கள். இடுப்பில் பட்டை கட்டியதுபோல ஒரு பிசிறோடு குண்டு வரும். பிசிறைத் தேய்த்து, தீயில் காய்ச்சி, எண்ணெயில் குளிரவைத்து, இரண்டு தட்டுகளுக்கு நடுவில் நாள்கணக்கில் உருட்டி உருட்டி மெருகேற்றுவார்கள். முடியின் தடிமனை நூறாக வகுத்தால் வரும் அளவுகூட ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது. தலைவாரிப் பவுடர் போட்ட பிள்ளையைப்போல எண்ணெய்த்தாளில் சுற்றி அனுப்புவார்கள். அதை இங்கே மாமியார் கையில் கொடுக்கிறார்கள்.

மேனேஜர் அறைக்குப் போனான்.

"சார், மூணாம் நம்பர்ல சூடு ஏறுது."

"கிரீஸ் போடு."

"கிரீஸ் ஜாஸ்தியானதாலதான் சார் ஏறுது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "கிரீஸ் எதுக்குய்யா போடறோம்? சூடு குறையத்தான?"

"மூணுல ஒரு பங்கு ரொப்பினா குறையும் சார். முழுசா ரொப்பினா குண்டுங்க உருள இடமில்லாம அதையே கடைஞ்சிட்டிருக்கும். கீழ அடைச்சிருக்கிற ஆணியை மட்டும் கழட்டிட்டா..."

"நீ என்ன, கிரீஸுக்கு எதிரியா?"

"இல்ல சார்."

"ஆணியைக் கழட்டணும்னா தூய்மைக் குழு கையெழுத்து வேணும். குழு மாசக் கடைசியிலதான் கூடும்."

"குழுத் தலைவர் நீங்கதானே சார்?"

"அதனாலதான் சொல்றேன், எனக்கு விதிமுறை முக்கியம்." மணியடித்து எழுத்தரை வரவழைத்தார். தொண்ணூற்றேழாம் நாள் முதல் ஒவ்வொரு விருந்தினரும் மூன்றுக்குப் பதில் ஐந்து அழுத்து அழுத்தவேண்டும் என்று சுற்றறிக்கை போனது. ஸ்டெத்து வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

தொண்ணூற்றாறாம் நாள் தொண்ணூற்று மூன்று டிகிரி. தொண்ணூற்றேழாம் நாள் காலையில் தொண்ணூற்றாறு. நூறாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து சேர்மனே வருகிறாராம், அழுத்த.

புளோயருக்குப் பக்கத்துக் கண்ட்ரோல் மேஜையில் உட்காரும் ஆபரேட்டர் அக்கா, எதற்கும் தலையைத் தூக்காதவர், அன்று தூக்கினார். "என்ன ஸ்டெத்து, பேஷன்ட் ஐசியூவா?"

"அக்கா, விளையாடாதீங்க. ஆளாளுக்கு அன்பைக் காட்டியே கொன்னுருவாங்க போல."

"அவங்க எங்கடா பேரிங்கைப் பாத்தாங்க? கேமராவத்தான பாக்குறாங்க. அவங்களுக்கு வேணுங்கறது ஒரு நிப்பிளு. பளபளன்னு இருந்தா சரி. அது எங்க இருந்தா என்ன?" சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஸ்டெத்து ஸ்க்ரூடிரைவரைப் பையில் செருகினான்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கை கழுவப் போனதும், காலி பெயின்ட் டின்னோடு புளோயருக்கு அடியில் நுழைந்தான். மஞ்சள் பெயின்ட்டைச் சுரண்டினான். ஆணி முதலில் அடம்பிடித்து, பிறகு கழன்று வந்தது. கிரீஸ் கனமாக, கறுப்பாக, அவசரமே இல்லாமல், சுருள் சுருளாக டின்னுக்குள் இறங்கியது. அதில் பாதி மாமியாருடையது என்று அவனுக்கு ஏனோ தோன்றியது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை. புளோயரும் நிற்கவில்லை, நிற்கத் தேவையே இல்லாத வேலை அது. அரை மணியில் தொண்ணூறு. சாயங்காலம் எழுபத்தொன்று. மறுநாள் காலை அறுபது. காதில் மறுபடி தூரத்து மழை.

ஆணியைக் கழற்றிய அன்றைக்கே அசல் நிப்பிளுக்கு ஒரு மூடி போட்டு மறைத்திருந்தான். புதிய பித்தளை நிப்பிள் ஒன்றைத் துணியால் துடைத்து, புளோயரைச் சுற்றியிருந்த தடுப்புக் கம்பியில் பொருத்தினான். இயந்திரத்துக்கும் அதற்கும் இரண்டடி இடைவெளி. பின்னாலிருந்து ஒரு செப்புக்குழாய் நழுவி, தூண் மறைவில் இருந்த டின்னுக்குள் முடிந்தது. நிப்பிளைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'இங்கே அழுத்தவும்' என்று எழுதினான்.

கடைசி மூன்று நாட்களில் முப்பது பேர் அழுத்தினார்கள். இயந்திரத்தில் அழுத்தவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று புகைப்படக்காரர் மட்டும் பாராட்டினார்.

நூறாம் நாள் சேர்மன் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு ஐந்து அழுத்து அழுத்தினார். கடைசி அழுத்தில் கண்ணை மூடி, "உள்ள போறது கையிலயே தெரியுது" என்றார். கைதட்டினார்கள். மேனேஜர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். மூன்று அழுத்து இருந்த காலத்தில் சூடு ஏறியிருந்தது; ஐந்து அழுத்து வந்ததும் சடாரென்று இறங்கியிருந்தது. கோடு பொய் சொல்லவில்லை. சேர்மன் நெகிழ்ந்துபோய், மீதியுள்ள முப்பத்தொன்பது இயந்திரங்களுக்கும் தினமும் ஐந்து அழுத்து என்று அங்கேயே உத்தரவிட்டுக் காரேறினார்.

மேனேஜர் வழியனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். கையில் ஓர் உறை. ஸ்டெத்தை நோக்கி நடந்தவர், தடுப்புக் கம்பி அருகே நின்றார். சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். அதன் பின்னால் குனிந்தார். செப்புக்குழாயைக் கண்ணாலேயே தொட்டுக்கொண்டு போய்த் தூண் மறைவை எட்டிப்பார்த்தார். அங்கே சேர்மனின் ஐந்து அழுத்தும் டின்னில் சுருண்டு கிடந்தன.

ஆபரேட்டர் அக்கா தலையை இன்னும் குனிந்துகொண்டார். ஸ்டெத்துக்குத் தன் இதயம் பல்லைக் கடிப்பது ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே கேட்டது.

"இது எத்தன நாளா?"

"தொண்ணூத்தேழுலேர்ந்து சார்."

மேனேஜர் வாசல் பலகையைப் பார்த்தார். வெப்பமானியைப் பார்த்தார். கையிலிருந்த வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். அதில் தொண்ணூற்றேழு எங்கே இருக்கிறது என்று தேடினாற்போலிருந்தது.

"டின்னு தொறந்து கெடக்கு. தூசி விழும்ல? ஒரு மூடி போட்டு வை" என்றார்.

"சரிங்க சார்."

"மத்த முப்பத்தொம்பதுக்கும் மூடியோடவே வச்சிரு." உறையைக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

மனைவி கதவிலேயே நின்றிருந்தாள். உறையைப் பிரித்து இரண்டு தரம் படித்தாள். "பர்மனென்ட்! எங்கண்ணனுக்கு இப்பவே போன் போடறேன். என்ன வேலைன்னு சொல்லட்டும்? 'கிரீஸ் வழங்கல் பொறுப்பாளர்'னு போட்ருக்கு."

ஸ்டெத்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். "அதேதான். ஒரு மெஷினுக்கும் போய்ச் சேந்துராம பாத்துக்கணும்."