ஆடி கழியட்டும்

என் மகன் பிரணவ் ஒரே ஒரு தடவையாவது தானாக சைக்கிள் மிதித்துத் தெருமுனை வரை போய்விட்டு வர வேண்டும். 1995-இல் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். பதவி உயர்வு வந்தால் வரட்டும், வராவிட்டால் தொலையட்டும் என்றிருந்தேன்.

அவனுக்கு அப்போது ஒன்பது வயது. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக நலிந்துகொண்டே போகிற வியாதி. தொடையில் கையை ஊன்றி ஊன்றித்தான் படியேறுவான். "இன்னும் ஒரு வருஷம், மிஞ்சினால் ஒன்றரை வருஷம் நடப்பான். அதுவரை அவன் ஆசைப்படுவதைச் செய்ய விடுங்கள்" என்றார் டாக்டர். அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கடன்காரனைப் போலக் கெடு வைக்கிறாரே என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீடு மயிலாப்பூரில், சித்திரக்குளத்துப் பக்கம். சாயங்காலமானால் தெருப் பையன்கள் சைக்கிளில் வட்டம் அடிப்பார்கள். பிரணவ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, யார் எத்தனை வட்டம் என்று எண்ணிச் சொல்வான். ஒரு நாள் மாடிவீட்டுப் பையனுடைய சைக்கிளில் ஏற்றி உட்கார வைத்துப் பார்த்தேன். கால் எட்டியது. ஆனால் மிதி நகரவில்லை. அந்த அளவுக்கு அழுத்தக் காலில் பலம் இல்லை.

மாசி மாதம் அடையாறில் ஒரு பழைய பேப்பர் கடையில் அந்த வண்டியைப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பிய ஏதோ வெள்ளைக்காரக் குடும்பம் போட்டுவிட்டுப் போனதாம். மலையேறுகிற சைக்கிள், சின்னப் பிள்ளைகள் அளவில். தடித்த டயர், பின்னால் ஆறு பல்சக்கரம். செங்குத்தான ஏற்றத்துக்கென்று வைத்த கடைசிப் பல்லில் போட்டால் விரலால் தள்ளினாலே மிதி சுற்றும் என்று எங்கோ படித்திருக்கிறேன். மலைக்கு வைத்த பல், என் பிள்ளைக்குச் சமதரையில் உதவட்டுமே என்று தோன்றியது. எடை போட்டு இரும்பு விலைக்கு வாங்கி வந்தேன்.

மந்தைவெளியில் சைக்கிள் கடை வைத்திருந்த அன்வர் பாஷா வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், வேற வண்டியே கெடைக்கலியா ஒனக்கு? துருவ எடுத்தா உள்ள வண்டி கீதா இல்லியான்னே தெரியலயே."

யாருக்கு என்று சொன்னேன். அதற்கப்புறம் அவர் கேலி பேசவில்லை.

"சாமானெல்லாம் நீ தேடிக் கொண்டா. வேலைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

கையில் காசு கிடையாது. மாத்திரைக்கே சம்பளத்தில் பாதி போய்க்கொண்டிருந்தது. அதனால் எல்லாமே அரைவிலைச் சாமான், கால்விலைச் சாமான். இறுகிப்போன பல்சக்கரம் நான்கு நாள் மண்ணெண்ணெயில் ஊறியது. பிரேக்குக்குப் பழைய மொபெட் கம்பியை வெட்டிப் போட்டோம். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில், காருக்கு அடித்து மிஞ்சிய நீலத்தை இதற்கு அடித்துக் கொடுத்து, சாயாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒரு குட்டிச் சக்கரமும் பற்றவைத்தார்கள். செயின்தான் படுத்தியது. நம்மூர் செயின் அகலம், ஆறு பல்லுக்கு நடுவே போகாது. ஒல்லிச் செயினுக்காக ஏழு சனிக்கிழமை புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அலைந்தேன். எட்டாவது சனிக்கிழமை கிடைத்தது.

வண்டி முடிந்தபோது ஆடி பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"பையன இட்டாந்து ஏத்து சார். சும்மா வழுக்கிக்கினு போவுது" என்றார் பாஷா.

"ஆடி கழியட்டும்" என்றேன்.

என்னைப் பக்திமான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ராகுகாலம் பார்த்து ஆபீஸ் கிளம்புகிறவர்களை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தவன் நான். ஆனால் பிள்ளைக்கு இன்ன வியாதி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பூனை குறுக்கே போனால் பயம், யாராவது தும்மினால் பயம். ஆடியில் யாராவது புது வண்டி எடுப்பார்களா? அவன் முதல்முதலாக மிதிக்கப் போகிறான், ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று நினைத்தேன்.

என் மனைவி சாருலதா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்னா, பழைய பேப்பர் கடைலேர்ந்து வந்த வண்டிக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? கொழந்த தவிச்சிண்டிருக்கான்."

"பெயின்ட் புதுசோல்லியோ" என்றேன்.

"சரி, பதினெட்டாம்பெருக்கு நல்ல நாள்தானே. அன்னிக்காவது விடுங்கோளேன்."

பஞ்சாங்கத்தை நான்தான் பிரித்தேன். அன்று அவன் ராசிக்குச் சந்திராஷ்டமம். முடியவே முடியாது என்றேன். அவள் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்கலாம். என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். இல்லை, அவள்மேல் பழி போட எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது.

கூடத்தில் பழைய வேஷ்டி போர்த்தி வண்டியை நிறுத்தியிருந்தேன். பிரணவ் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேஷ்டிக்குள் கையை விட்டு ஒரு தடவை மணி அடிப்பான். ஏறட்டுமா என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அப்பா சொன்னால் காரணம் இருக்கும் என்று நினைக்கிற பிள்ளை அவன்.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்தான். கணுக்காலுக்கு மேலே எலும்பு விரிசல். முழங்கால் தாண்டி மாவுக்கட்டு, ஆறு வாரம் படுக்கை. கட்டுப் போட்டு முடித்ததும் டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"இந்த வியாதியில் பிள்ளைகள் படுக்காமல் இருக்கும்வரைதான் நடை. ஆறு வாரம் படுத்தால், இருக்கிற பலமும் பெரும்பாலும் போய்விடும்" என்றார். இந்தத் தடவை அவர்மேல் கோபம் வரவில்லை. ஆடி மூன்றாம் தேதியிலிருந்து அவன் விழுந்த நாள் வரை மனதுக்குள் எண்ணினேன். இருபத்திரண்டு நாள். அத்தனை நாளும் அவன் கால் மிதித்திருக்கும். வண்டியும் தயாராக இருந்தது. தடுத்தவன் நான் ஒருவன்தான்.

ஆவணி பிறந்தது. நான் குறித்து வைத்திருந்த நாளும் வந்தது. தசமி, ஞாயிற்றுக்கிழமை, ஒரு தோஷமும் இல்லாத நாள். அன்று முழுக்க அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவனோடு பரமபதம் ஆடினேன். சாரு சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

புரட்டாசியில் கட்டைப் பிரித்தார்கள். கால் குச்சியாக இருந்தது. நிற்கக்கூட ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும், "அப்பா, சைக்கிள்" என்றான். அன்று நாள் பார்க்கவில்லை. தூக்கி வந்து தெருவில் வண்டிமேல் உட்கார வைத்தேன். சாரு முதுகைத் தாங்கிக்கொண்டாள். நான் கீழே குந்தி, கால்களை எடுத்து மிதிமேல் வைத்து, கியரைக் கடைசிப் பல்லில் போட்டேன்.

"மிதிடா கண்ணா."

உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தான். நெற்றியில் வியர்த்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கால் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது. விரலால் தள்ளினாலே சுற்றுகிற மிதி அது. மறுபடி முயன்றான். மறுபடியும். தெருப் பையன்கள் வண்டிகளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கை என் தலைமேல் பட்டது.

"அப்பா, இன்னிக்கும் நாள் சரியில்ல போலருக்கு. நல்ல நாளாப் பாத்துச் சொல்லேன்."

சாரு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"புதன்கிழமை நன்னாருக்குடா" என்றேன்.