கைப்பிடி இல்லாத பஸ்

சென்னையிலிருந்து வந்த நாடகக் குழுவுக்கு 'வெற்றுடல்' என்று பெயர். பள்ளி வாசலில் கட்டிய பேனரில் அதைப் படித்த அன்று, தலைமையாசிரியர் ஞானவேலுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"சார், பேரு மட்டுந்தான இப்பிடி? பிள்ளைங்க யூனிஃபார்ம்லதான இருப்பாங்க?"

"உடம்புங்கறது ஒரு வெற்றிடம் சார். அதுக்குள்ள நாம அர்த்தத்தை ஊத்தறோம்," என்றார் பயிற்சியாளர்.

"தாராளமா ஊத்துங்க. யூனிஃபார்ம் நனையாமப் பாத்துக்கங்க."

பயிற்சியாளருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ராஜ்மோகன். அவராகவே வைத்துக்கொண்ட பெயர் நிழலோன். தான் ஆசிரியன் அல்ல, சக பயணி. ஆகவே யாரும் தன்னை 'சார்' என்று கூப்பிடக் கூடாது என்று முதல் நாளே கேட்டுக்கொண்டார். பிள்ளைகளும் பணிவாகத் தலையாட்டிவிட்டு, மறுநாளிலிருந்து 'நிழல் சார்' என்று கூப்பிட்டார்கள்.

ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. வசனமே இல்லாமல், உடம்பை மட்டும் வைத்து ஒரு நாடகம். அதைப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடித் தாங்களே உருவாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. உருவாக்கலாம், தடையில்லை, ஆனால் நிழலோன் பஸ்ஸில் வரும்போதே உருவாக்கி முடித்திருந்ததைத்தான் உருவாக்க வேண்டும். அதற்கு 'பனியின் கருவறை' என்று தலைப்பும் ஆகியிருந்தது. பதினோரு பேர் வேர்களாகத் தரையில் கிடந்து நெளிவார்கள். நடுவில் ஒருத்தி மலையின் வலியாக நிற்பாள். அந்த வலி, பிளஸ் ஒன் படிக்கும் மேனகா.

"மேனகா, உன் அடிவயித்துலேர்ந்து மலை அழணும்."

மேனகா உண்மையாகவே முயன்று பார்த்தாள். வெள்ளனே எழுந்து, பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு, பேத்துப்பாறையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த வயிறு அது. அதிலிருந்து மலை வரவில்லை. ஏப்பம் வந்தது.

வேர்களில் ஒன்றாகக் கிடந்த ஜாசிம் புரண்டு புரண்டு சிரித்தான். அவன் அத்தாவுக்குக் கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை. வாடிக்கையாளர் முன்னால் சிரிப்பை அடக்கிப் பழகியவன்தான், ஆனாலும் முடியவில்லை.

"வேர் சிரிக்காது," என்றார் நிழலோன்.

அன்று வீட்டில் மேனகா தன் அம்மாவை ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டாள். வீரம்மா கேரட் காட்டில் தினக்கூலி. அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீ என்னவா வார?"

"வலியா."

"யாருக்கு வலி?"

"மலைக்கு."

"மலை சும்மாதான கெடக்கு, அதுக்கு என்ன வலி? ஏறி எறங்குறவளுக்குல்ல வலி? இதப் பாக்கவா நான் ஒரு நா வேலைய விட்டுட்டு வரணும்?"

அம்மா இதுவரை பள்ளிக்கூடத்துக்கு வந்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்தால், வந்ததற்கு அவளுக்கு விளங்குகிற ஒன்றைக் காட்ட வேண்டும். நெளிகிற வேர்களைக் காட்டி அனுப்ப முடியாது.

மறுநாள் நிழலோன் போனில் பேசத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். அங்கேதான் டவர் கிடைக்கும். போனால் திரும்ப நேரமாகும். வேர்கள் எழுந்து உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டன.

"ஏலே, எந்திரிங்க. நம்ம சாயங்கால பஸ்ஸப் போட்டுப் பாப்பமா?" என்றாள் மேனகா.

"பஸ்ஸுக்கு எங்க போறது?"

"பஸ்ஸு வேணாம். நம்மதான் பஸ்ஸு. நான் டிரைவர்."

"பொம்பளப்பிள்ள ஓட்டுற பஸ்ஸுல ஏறமாட்டேம்ப்பா," என்றான் கோகுல். அவன்தான் கூட்டத்திலேயே நெட்டையன்.

"அப்ப நடந்து வா. இருட்டுறதுக்குள்ள வெரசா வீடு போய்ச் சேரு."

கோகுல் ஏறிக்கொண்டான். மேனகா முன்னால் காற்றில் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். பின்னால் பதினோரு பேர் நெருக்கி நின்றார்கள். ஜாசிம் கண்டக்டர். மஹ்ஜபின் ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து, வரப்போகும் வாந்தியை வளைவுக்கு வளைவு தள்ளிப்போடுகிறவள். இல்லாத எலுமிச்சம்பழம்தான், ஆனால் அவள் முகர்ந்த முகரலில் பக்கத்தில் நின்றவனுக்கும் குமட்டியது.

மேனகா இடது பக்கம் ஒடித்தாள். எல்லோரும் இடது பக்கம் சாய்ந்தார்கள்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று வாயிலிருந்த விசிலைப் பிடுங்கினான் ஜாசிம். "இது பைக்குடா. பைக்குலதான் ஒடிக்கிற பக்கம் சாயுவோம். பஸ்ஸு எடது பக்கம் ஒடிச்சா நம்ம சோத்தாங்கைப் பக்கம்ல போயி விழுவோம்?"

தினமும் அந்தப் பஸ்ஸில் நசுங்கி வருகிற மற்ற பதினோரு பேருக்கும் இது மறந்துபோயிருந்தது. மறுபடி ஒடித்தாள். இந்த முறை சரியான பக்கம் சாய்ந்தார்கள், சாய்ந்து அப்படியே விழுந்தார்கள். பஸ்ஸில் கம்பி இருக்கிறது. இங்கே பிடிக்க ஒன்றும் இல்லை.

"ஏம்மேல எத்தன பேருடா கெடக்கீங்க? எந்திரிங்கடா!" என்று அடியிலிருந்து கோகுலின் குரல் வந்தது.

விழுந்து விழுந்துதான் கண்டுபிடித்தார்கள். பாதம் தரையை விடக் கூடாது. பக்கத்தில் இருப்பவன் தோளில் பாரத்தைக் கொடுக்க வேண்டும், அவன் அடுத்தவனுக்குக் கொடுப்பான், கடைசியில் கோகுல் வாங்கிக்கொள்வான். ஒடிப்பதற்கு முன்னால் மேனகாவின் தோள் லேசாக இறங்கும். அதைப் பார்த்துவிட்டால் போதும். ஆனால் பார்த்துச் சாய்ந்தால் ஆளாளுக்கு ஒரு நேரத்தில் சாய்கிறார்கள். அப்போதுதான் நிழலோன் ஒரு வாரமாகத் தொண்டை கிழியக் கத்திய ஒன்று உபயோகப்பட்டது: எல்லோரும் ஒரே மூச்சாக மூச்சு விடுங்கள். விட்டார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே துணியை உதறியது போலச் சாய்ந்து நிமிர்ந்தார்கள்.

மேனகாவுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, பின்னால் ஒரு பஸ் நிற்கிறது.

நிழலோன் போனைப் பையில் போட்டுக்கொண்டே வந்தார். பார்த்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"இது மிமிக்ரி. இதுல வலி எங்க?"

"எனக்குத்தான் சார் வலிக்குது," என்றான் தோளைப் பிடித்துக்கொண்டு கோகுல்.

செய்தி தலைமையாசிரியருக்கும் போயிற்று. அவர் வேறு காரணத்துக்காகப் பதறினார்.

"பஸ்ஸா? வேற எதுவும் கெடைக்கலையா உங்களுக்கு? சிறப்பு விருந்தினர் யாரு? பெரியண்ணன் அய்யா. மூணு வருசமா இதே மேடையில 'உங்க ஊருக்கு ரெண்டாவது பஸ் விடச் சொல்றேன்'னு சொல்லிட்டு இருக்காரு. அவரு மூஞ்சிக்கு முன்னாலயே பஸ்ஸக் காட்டுனா குத்திக் காட்டுற மாதிரி இருக்கும்ல?"

"நாங்க ஒரு வார்த்த பேசமாட்டோம் சார்," என்றாள் மேனகா.

"பேசுனாக்கூடப் பரவால்லம்மா. பேசாம இருந்தாத்தான் குத்தும்."

ஆக, ஒருவருக்கு அந்த நாடகத்தில் அர்த்தம் இல்லை. இன்னொருவருக்கு அர்த்தம் அதிகம். இருவரும் சேர்ந்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வேர்கள் மறுபடி தரைக்குப் போயின.

இரண்டு நாள் கழித்து மைதானத்தில் நிழலோன் அசையாமை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அசைவது எளிது, அசையாமல் நிற்பதுதான் கலை, உங்களில் ஒருவருக்குக்கூட அது வரவில்லை என்று அவர் கைகளை ஆட்டி ஆட்டி விளக்கியபோது, பின்னால் வேலி இடுக்கு வழியாக ஒரு காட்டுமாடு உள்ளே வந்தது. நல்ல ஆகிருதி. நெற்றியில் வெள்ளை.

பன்னிரண்டு பிள்ளைகளும் நின்ற இடத்தில் நின்றார்கள். இமைகூட ஆடவில்லை. பிறந்ததிலிருந்து அவர்களுக்குத் தெரிந்த வழக்கம் அது.

நிழலோன் திரும்பிப் பார்த்தார். அடுத்து அவரைப் பார்த்தபோது தலைமையாசிரியரின் அறைக்குள் இருந்தார். கதவு பூட்டிக் கிடந்ததால் ஜன்னல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.

"அதேதான்! அந்த அசையாமைதான்! அப்படியே வெச்சுக்கங்க!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து ஊக்கப்படுத்தினார்.

மாடு கொடிக்கம்பத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டது. பேனரை முகர்ந்தது, பிடிக்கவில்லை. வந்த வழியே போய்விட்டது.

மேனகா ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நிழலோன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், எங்க பஸ்ஸுல ஒரு எடம் இடிக்குது சார்."

"அந்தப் பஸ்ஸை இன்னும் விடலையா நீ?"

"நடுரோட்டுல காட்டுமாடு வந்து நிக்கும் சார். அது நகர்ற வரைக்கும் பஸ்ஸு காத்துக் கெடக்கும். அந்த மாடா நிக்க எங்கள்ல ஆளு இல்ல. கோகுல் நின்னு பாத்தான், மூக்கச் சொறியறான். ஒண்ணுமே செய்யாம நிக்கணும், ஆனா மொத்த சனமும் அத மட்டும் பாக்கணும். அதுக்கெல்லாம் பெரிய பயிற்சி வேணும்ல சார்?"

நிழலோன் டம்ளரைக் கீழே வைத்தார். "பிரசன்ஸ்," என்றார் மெதுவாக.

"அதேதான் சார்," என்றாள் மேனகா. அந்த வார்த்தையை அவள் கேட்டது அப்போதுதான்.

சாயங்காலத்துக்குள் அது மிமிக்ரி இல்லை என்று ஆகிவிட்டது. நிழலோன் அதற்கு 'நகர்வின் நிலைமை: ஓர் உடல்வெளி விசாரணை' என்று புதுத் தலைப்பும் சூட்டினார். தலைமையாசிரியர் அதை இரண்டு முறை வாசித்தார். ஒன்றும் விளங்கவில்லை. தனக்கே விளங்காதது பெரியண்ணனுக்கு விளங்கி அவர் மனம் புண்படப்போவதில்லை என்ற தைரியத்தில் அனுமதி கொடுத்தார்.

விழா அன்று பெரியண்ணன் உட்கார, அவருடைய காட்டேஜிலிருந்தே ஒரு சோபா வந்தது. மூன்று பேர் உட்காரலாம். மேலே டர்க்கி டவல் விரித்து முன்வரிசையில் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். ஊருக்கு ஒரே சோபா, சோபாவுக்கு ஒரே ஆள். 'கல்வி வள்ளல்' என்று அழைப்பிதழில் அச்சான பெரியண்ணன் நட்டநடுவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி. மற்றவர்களுக்குப் பாய். பாயும் நிறைந்து, பஸ் தாமதமானதால் கடைசியில் வந்த பெண்கள் சுவரோரம் நின்றார்கள். வீரம்மாவும், கூட வேலை பார்க்கும் சின்னத்தாயியும் சோபாவை ஒட்டியே நின்றார்கள். சோபாவின் காலி இடத்தை யாரும் கண்ணால்கூடத் தொட்டுவிடாதபடி தலைமையாசிரியர் காவல் காத்தார்.

மேடையில் மேனகா சாவியைத் திருப்பினாள். பன்னிரண்டு உடம்பும் கடகடவென்று அதிர்ந்தன.

ஹாலில் சிரிப்பு எழுந்தது. "ஏய், நம்ம பஸ்ஸுடி!" என்று யாரோ கத்தினார்கள்.

முதல் வளைவில் சிரித்தார்கள். இரண்டாவது வளைவில் மேனகா கூட்டத்தைப் பார்த்தாள். டிரைவர் என்பதால் அவள் ஒருத்தியால்தான் நேராகப் பார்க்க முடியும். பாயில் இருந்தவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தார்கள். அவர்களுக்கே அது தெரிந்ததாகத் தெரியவில்லை. சுவரோரம் அம்மாவின் கை மேலே போய் இல்லாத கம்பியைப் பிடித்திருந்தது.

பிறகு நிழலோன் வந்தார். கறுப்பு உடையில், குறுக்கே, சும்மா நின்றார். உண்மையைச் சொல்ல வேண்டும், அருமையாக நின்றார். ஹால் மூச்சடங்கிப் பார்த்தது. "போயிரு சாமி, வழிய விட்டுரு," என்று சின்னத்தாயி மெல்லக் கெஞ்சினாள். அவருடைய நாடகங்களைப் பார்த்து இதுவரை யாரும் எதுவும் கெஞ்சியதில்லை, முடித்துக்கொள்ளச் சொன்னதைத் தவிர. அவர் அசைபோட்டபடி தலையைத் திருப்பி, ராஜா மாதிரி நடந்து போனார். கைதட்டல் காதை அடைத்தது.

அடுத்து நடந்தது ஒத்திகையில் இல்லாதது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு போகிற கண்டக்டரான ஜாசிம், போகிற போக்கில் மேடையை விட்டு இறங்கிவிட்டான். பக்கவாட்டில் உடம்பை நுழைத்து நுழைத்துச் சோபா வரைக்கும் போனான். பெரியண்ணன் முன்னால் நின்று விசிலை ஊதி, தாடையை ஆட்டினான். உள்ள தள்ளு.

தலைமையாசிரியர் சட்டையின் மேல் பொத்தானை அவிழ்த்தார். பெரியண்ணன் போனிலிருந்து தலையை எடுத்து முறைத்தார்.

மேனகா மேடையிலிருந்து பார்த்தாள். ஜாசிம் மாட்டிக்கொண்டான். பஸ்ஸை நிறுத்திவிடலாம். அல்லது அவரை எந்தப் பக்கம் தள்ள வேண்டுமோ, அந்தப் பக்கம் தள்ளுகிற வளைவு ஒன்றை எடுக்கலாம்.

தோளை இறக்கினாள். மூச்சை விட்டாள். அந்த மலையிலேயே கொடிய வளைவை ஒடித்தாள்.

பின்னால் அத்தனை பேரும் சாய்ந்தார்கள், கோகுல் வாங்கிக்கொண்டான். ஹாலும் கூடவே சாய்ந்தது. காரில் போய்ப் பழகி எத்தனையோ வருசம் ஆனாலும், இதே பஸ்ஸில் தொங்கிப் பள்ளிக்கூடம் வந்த உடம்புதான் பெரியண்ணனுடையது. முகம் முறைத்தபடியே இருந்தது. கை தானாக உயர்ந்து காற்றில் கம்பியைப் பிடித்தது. ஆள் வழுக்கிச் சோபாவின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தார்.

இரண்டு இடம் காலி. ஜாசிம் கையைக் காட்டினான். வீரம்மா சற்றும் யோசிக்கவில்லை. பஸ்ஸில் காலி இடத்தைக் கண்டால் யார் யோசிப்பார்கள்? உட்கார்ந்தாள். சின்னத்தாயியையும் இழுத்து உட்காரவைத்தாள். அடுத்த வளைவில் மூன்று பேரும் ஒன்றாகச் சாய்ந்தார்கள். டர்க்கி டவல் தரையில் கிடந்தது.

ஒத்திகையில் பஸ் அங்கே நின்றுவிடும். மேனகா நிறுத்தவில்லை. சொல்லாமலே பதினோரு பேரும் கூடவே வந்தார்கள். மொத்த ஹாலையும் ஏற்றிக்கொண்டு பேத்துப்பாறை வரைக்கும் ஓட்டிப் போய்த்தான் நிறுத்தினாள்.

பெரியண்ணன் அந்த வருசம் பேச எழுந்து, "ரெண்டாவது பஸ்..." என்று ஆரம்பித்ததும் பின்னாலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அவரே சிரித்துவிட்டு உட்கார்ந்தார். நிழலோன் திரும்பத் திரும்ப வந்து மாடு எப்படி இருந்தது என்று கேட்டார்.

வீடு திரும்பும்போது நிஜ பஸ்ஸில் கூட்டம். தாயும் மகளும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வீரம்மா முன்னால் டிரைவரையும், பக்கத்தில் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பெருமாள்மலை தாண்டியதும் சொன்னாள்.

"நல்லாத்தான் ஓட்டுன. ஆனா அம்புட்டுப் பெரிய வளைவுல ஆரன் அடிக்க மாட்டியாடி?"