நகலாகாத கால்கள்

அண்ணியின் பட்டறையில் செயற்கைக் கால் செய்கிறார்கள். துண்டிக்கப்பட்ட காலின் எஞ்சிய பகுதியை ஸ்கேன் செய்து, அது செயற்கைக் காலுக்குள் பொருந்தி உட்காரும் உறையை வார்ப்பது அவள் வேலை. பழைய கம்ப்யூட்டர் முனகத் தொடங்கியதும், ஸ்கேன்களையெல்லாம் புது டிஸ்க்குக்கு மாற்றித் தரச் சொல்லி நாத்தனாரைக் கூப்பிட்டாள். வீட்டில் அவள் பெயர் சிட்டு. சர்வர்களோடு மாரடிப்பதுதான் பிழைப்பு.

சிட்டு முதலில் cp என்ற நகலெடுக்கும் கட்டளையைப் போட்டாள். பாதியில் கரண்ட் போய்விட்டது. மறுபடி cp போட்டால் எல்லாவற்றையும் ஆதியிலிருந்து எழுதும்.

"rsync போடறேன் அண்ணி. விட்டுப்போனதை மட்டும் எடுத்துக்கும். ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒண்ணா ஆயிடும்."

அதற்காக, ஒரு பக்கம் கூடுதலாக இருப்பதை அழிக்கச் சொல்லும் --delete-ஐயும் சேர்த்தாள். எங்கிருந்து, எங்கே என்ற இரண்டு பெயர்களையும் கவனிக்காமல் இடம் மாற்றி அடித்து, என்டரைத் தட்டினாள்.

திரையில் deleting, deleting என்று மளமளவென ஓடியது. நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது. புதுசில் இன்னும் ஏறாதவை பழையதிலிருந்தும் போய்விட்டன.

"ஏன்டி மூஞ்சி வெளிறிப் போச்சு?"

"தலைகீழா போட்டுட்டேன் அண்ணி. இன்னும் மாத்தாத கால் ஸ்கேன் எல்லாம் போச்சு."

அண்ணி வார்ப்பு மாவு அப்பிய கையோடு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "வெளியில ஆள் காத்திருக்காங்கடி" என்றாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது சிட்டுவுக்கு.

இனி பழைய டிஸ்க்கில் எது எழுதினாலும் அழிந்தவற்றின் மேல் விழலாம். அதைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினாள். பையிலிருந்த வேறொரு டிஸ்க்குக்கு dd-யால் நகலெடுத்தாள். அது கோப்பு, பெயர் எதையும் பார்க்காது; அடியிலிருந்து நுனிவரை அப்படியே அள்ளும்.

அழிந்தவற்றை மீட்கும் நிரலை விட்டு அந்த நகலைத் தோண்டியதில் கால்கள் வரத் தொடங்கின. எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். அண்ணி திரையை ஒட்டிக் குனிந்தாள்.

"இது பஸ் டிரைவர். இந்தத் தழும்பு டெய்லரக்கா. அடுத்தது போடு."

சில திறக்கவே இல்லை. கடைசிவரை தேடியும் பெயின்டரின் கால் கிடைக்கவில்லை. இன்று உறை வார்க்க வேண்டியது, வெளியில் காத்திருந்த அவருக்குத்தான்.

அண்ணி வெளியே போய், மறுபடி அளவெடுக்க வேண்டும் என்று பெயின்டரிடம் சொன்னாள். சிட்டு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்குக் கால் மாட்டிட்டுப் போயிடலாம்னு வந்தேம்மா" என்றார் அவர். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, அளவெடுக்கும் நாற்காலியை நோக்கி மெல்ல நடந்தார்.