கங்கா ஊற்றிய மருந்து

மலேசியாவில் கோலா சிலாங்கூரை அடுத்த தோட்டமொன்றில், எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை வெட்டுபவர் தேவதாஸ். ஒரு நாள் மட்டையை வெட்டும்போது துரும்பு விழுந்து அவருடைய வலக்கண் சிவந்துபோனது. மறுநாள் வெளிச்சத்தைப் பார்க்கவே கூசியது.

“கிளினிக்குக்குப் போலாங்க,” என்றாள் மனைவி கங்கா.

“லீவு போட்டா வேலை வாங்குற மண்டோர் முறைப்பாரு லா. உன் மருந்தையே ஊத்து.”

போன வருடம் கங்காவுக்குக் கண்ணுக்குள் அழற்சி வந்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த சொட்டு மருந்தில்தான் குணமானது. மிச்சம் குளிர்பெட்டியில் இருந்தது. தினமும் நான்கு வேளை, அவர் தலையை மடியில் வைத்து அவளே ஊற்றினாள். மூன்றாம் நாள் சிவப்பு குறைந்தது. இருவருக்கும் நிம்மதி.

ஏழாம் நாள் வலியில் அவரால் சாப்பிடக்கூட முடியவில்லை. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விஷாலினி கருவி வழியாக வெகுநேரம் பார்த்தார். “ஏதாவது மருந்து போட்டீங்களா?”

கங்கா கைப்பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினாள். டாக்டரின் முகம் மாறியது.

“ஆண்ட்டி, உங்களுக்கு வந்தது வேற. அங்கிளுக்குப் பூஞ்சைக் கிருமி. இந்த மருந்து சிவப்பைக் குறைக்கும், ஆனா கிருமியை நல்லா வளரவிட்டுடும்.”

ஒரு மாதம் வார்டில் கிடந்தும் அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சபாக்கிலிருந்து அவருடைய அக்கா நாகமணி பார்க்க வந்தார். “எப்படிப்பா இப்படி ஆச்சு?”

“நான்தான்க்கா அசால்ட்டா இருந்துட்டேன். கண்ணைக் கசக்கிட்டே இருந்தேன்.”

தேநீரோடு நின்றிருந்த கங்காவால் தாங்க முடியவில்லை. “இல்ல அண்ணி. என் மருந்த நான்தான் ஊத்துனேன். ஏழு நாளா.”

நாகமணி தேநீரைத் தொடாமலே கிளம்பிப் போனார்.

“ஏன் சொன்னே?” என்று கேட்டார் தேவதாஸ்.

“நீங்க பழிய ஏத்துக்கிட்டா நான் எப்படிங்க உங்க மூஞ்சியப் பாக்குறது?”

வலப்பக்கம் நின்ற அவளைத் தேடி அவர் முகத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது. “ஊத்தச் சொன்னது நான்தானே,” என்றார்.

அதற்குப் பிறகு ஒற்றைக் கண்ணில் குலையின் உயரம் அவருக்குப் பிடிபடவில்லை. உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். தட்டுத்தடுமாறி அவர் வரப்பில் இறங்குவதைப் பார்க்கும் ஒவ்வொரு காலையும் கங்கா கதவை மூடிக்கொண்டு அழுதாள். அவர் ஒரு நாளும் அவளைக் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.