செல்போனில் நீச்சல்

ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத குளத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, செல்போன் வழியாக ஒரு டஜன் பேருக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவர் இந்தப் பூமியிலேயே நம்முடைய மாஸ்டர் ஒருவர்தான். அவருடைய மாணவர்கள் முதன்முதலாகத் தண்ணீரில் இறங்கிய அன்று குளத்தில் மீன் ஒன்று இருந்திருந்தால், அது கரையேறி உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கும்.

நம்பவில்லையா? நம்பாதவர்கள் சங்கத்துக்கு ஏற்கெனவே ஒரு தலைவர் உண்டு. அவர் மாஸ்டரின் மைத்துனர். அதே நீச்சல் குளத்தில் லைஃப்கார்டு. குளத்தின் டைல்ஸ் பெயர்ந்து, தண்ணீரை வடித்துவிட்டு, வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போதும் அவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருப்பார். காய்ந்த குளத்தில் எவனாவது மூழ்கிவிட்டால்?

"மாமா, சாப்பாட்ட போட்டோ புடிச்சு அனுப்பினா வயிறு ரொம்புமா?" என்றார் மைத்துனர். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு பெரியவங்க சொன்னாங்க. நீங்க அந்தச் சுரைக்காய போன்ல விக்கப் பாக்கறீங்க."

"நீ விசில தொடச்சு வை மாப்ளே. ஊதற நாள் வரும்."

மாஸ்டர் வீம்புக்காக இதைத் தொடங்கவில்லை. அவருடைய பெரியவர்கள் வகுப்பில் பதினோரு பேர் குளம் திறக்கும்வரை காத்திருக்கக்கூடியவர்கள். ஒருத்தியால் மட்டும் முடியாது. ஆற்றைக் கடக்கும் படகில் டீ விற்கிற அக்கா அவள். படகு முதலாளி புது விதி போட்டிருந்தார். படகில் வேலை செய்கிறவர் யாரானாலும், யார் கையும் படாமல் குளத்தின் ஒரு நீளம் நீந்திக் காட்ட வேண்டும். குளம் திறக்கிற அன்று காலையிலேயே பரீட்சை. தேறாவிட்டால் டீ கேன் வேறு கைக்குப் போய்விடும். அந்த கேனை நம்பித்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது.

ஆகவே, வேலையாட்கள் போன பிறகு, சாயங்கால வெயிலில், காலிக் குளத்தின் அடியில் வகுப்பு தொடங்கியது. மாஸ்டர் பேசினால் நான்கு சுவரும் திருப்பிப் பேசும். அந்த எதிரொலி அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கை எப்படி வீச வேண்டும், கால் எப்படி உதைக்க வேண்டும் என்று ஆதி மனிதன் ஆற்றில் விழுந்த கதையிலிருந்து ஆரம்பித்தார். பத்தாவது நிமிடம், போன் திரையில் தெரிந்த மாணவர்களில் டாக்ஸிக்காரர் கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவியில் ஒரு டாக்ஸியையே நிறுத்தலாம். முடிதிருத்துபவர் போனைப் பிடித்தபடியே ஒருவருக்குக் கிருதா எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு முகமாக அணைந்தது. பாடம் முடிந்தபோது மாஸ்டர் பன்னிரண்டு கறுப்புக் கட்டங்களுக்குக் கால் உதைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"செவிடன் காதுல சங்கு ஊதினாலாவது காத்து போகும் மாமா" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

அன்று மாஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. குளத்தில் யாரையாவது அவர் உட்கார வைத்துப் பேசியதுண்டா? இறங்கு, நனை, ஊது என்பார். போனில் மட்டும் எதற்கு இந்தப் பிரசங்கம்?

மறுநாள் உத்தரவு போட்டார். "எல்லாரும் ஒரு ஸ்டூல் எடுத்துக்குங்க. முன்னாடி ஒரு பேசின் நிறைய தண்ணி. போனை இடப்பக்கம் சாய்ச்சு வைங்க. ஸ்டூல் மேல குப்புறப் படுங்க. முகத்த தண்ணிக்குள்ள விட்டு ஊதுங்க. ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிடுவேன், குமிழி சத்தம் எனக்குக் கேக்கணும்."

கேட்டது! டாக்ஸிக்காரர் ஊதியதில் மேல்வீட்டுக்காரர்கள் பால் பொங்குகிறது என்று அடுப்பை அணைக்க ஓடினார்களாம். முடிதிருத்துபவரின் ஸ்டூல் கால் உடைந்து, அவர் பேசினோடு சேர்ந்து உருண்டார். அதற்குப் பிறகு கொட்டாவிக்கு ஏது நேரம்? அடுத்து தன் முறை எப்போது என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தார்கள்.

ஒரு கட்டம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. சத்தமும் இல்லை.

"டீக்கார அக்கா, கேமராவ போடும்மா. பரீட்சை உங்களுக்குத்தான், எனக்கில்ல. எல்லாரும் காட்டறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன?"

 கறுப்புக் கட்டம் மறைந்தே போனது.

அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை. கிணற்றில் போட்ட கல்லாக ஒரு சேதியும் இல்லை. மற்றவர்கள் ஜோராக ஊதினார்கள். மாஸ்டருக்கோ அந்த இல்லாத சத்தம்தான் காதை அடைத்தது. வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார்.

"மன்னிச்சுக்குங்க மாஸ்டர், எனக்கு இது ஒத்து வராது" என்றாள் எடுத்த எடுப்பில்.

"ஊதிப் பாத்தீங்களாம்மா?"

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னம்பாங்க. எனக்கு மூக்குக்கு மேல போனாலே உசுரு போயிடும் மாஸ்டர். கண்ணு பிதுங்கி, வாயத் தெறந்து... அந்த மூஞ்சிய அத்தன பேரு பாக்கணுமா? எங்க வீடு ஒரே ரூம். மாமனார் கட்டில்ல இருக்காரு. நான் ஸ்டூல்ல குப்புறப் படுத்தா அவரு சுவத்துப் பக்கம் திரும்பிக்கறாரு, பாவம். இதுல கேமரா வேற."

மாஸ்டர் வாயடைத்துப் போனார். இது அவர் வாழ்க்கையில் முன்பு ஒரே தடவை நடந்திருக்கிறது, அதுவும் பல் டாக்டர் புண்ணியத்தில். முகத்தைக் காட்டினால்தான் பாடம் என்று அவருக்கு யார் சொன்னது? தண்ணீருக்குள் எந்த முகத்தை அவர் பார்த்திருக்கிறார்?

"அம்மா, நாளைக்கு மட்டும் வாங்க. உங்க மூஞ்சி எனக்கு வேணாம். பேசின் போதும். ஸ்டூலும் வேணாம், தரையில மண்டி போட்டுக்குங்க."

மறுநாள் எல்லோருக்கும் ஒரே சட்டம். போனை இடப்பக்கமே வைத்து, கேமராவைப் பேசின் பக்கம் திருப்ப வேண்டும், முகம் எதுவும் தெரியக்கூடாது. திரையில் பன்னிரண்டு வட்டங்கள். எனாமல் தட்டு, பிளாஸ்டிக் டப், குழந்தை குளிக்கிற தொட்டி. பதிமூன்றாவதாக மாஸ்டருடைய பெயின்ட் வாளி. எது யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது. மாஸ்டர் பேர் சொல்லாமல், "மேல்வரிசை மூணாவது" என்று கூப்பிட்டார். ஒவ்வொரு வட்டமாகக் கொதித்து அடங்கியது.

"கீழ்வரிசை கடைசி."

பச்சை நிறப் பேசின் ஒன்று. தண்ணீர் அசையவே இல்லை.

"அவசரம் இல்ல" என்றார் மாஸ்டர். "நாங்க இருக்கோம்."

காத்திருந்தார்கள். மாஸ்டர் பாதி வாக்கியத்துக்கு மேல் சும்மா இருந்ததே சரித்திரத்தில் கிடையாது, அன்று இருந்தார்.  பேசினில் ஒரு மூக்கு நுனி பட்டு விலகியது. மறுபடி பட்டது. ஒரே ஒரு குமிழி, கடுகளவு, மேலே வந்து உடைந்தது.

அடுத்த நொடி மற்ற பேசின்களில் கைகள் இறங்கித் தண்ணீரை அடித்த அடியில் பதினோரு வீட்டுத் தரையும் நனைந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது தான் இல்லை என்று டாக்ஸிக்காரர் சத்தியம் செய்தார்.

அன்று முதல் வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் கொஞ்ச நேரம் போனை அணைக்காமல் வைத்திருப்பார். தனியாகக் கேட்க வெட்கப்படுகிறவர்களுக்காக அந்த நேரம். டீக்கார அக்கா தினமும் இருப்பாள். "ஊது... திரும்பு... மூச்சு" என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் ஊதி, இடப்பக்கம் தலையைத் திருப்பி மூச்சிழுப்பாள். கடுகு மிளகாகி, மிளகு எலுமிச்சையாகியது. மாமனார்கூட கட்டிலில் இருந்தபடியே, "இன்னும் ஒரு தடவ ஊதும்மா, நல்லாருக்கு" என்றாராம்.

குளம் நிறைந்தது. பரீட்சை நாளும் வந்தது. படகு முதலாளி வலது கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்தார். மைத்துனர் தண்ணீரில் இறங்கிப் புஜத்தைத் தட்டிக்கொண்டார். "பன்னெண்டு பேரையும் நான்தான் தூக்கிட்டு வரணும். என் முதுகு என்னாகப் போகுதோ!"

முதலில் மற்றவர்கள் பழகிப் பார்க்கக் குதித்தார்கள். மிதந்தார்கள்! கையும் காலும் ஒழுங்காக வேலை செய்தன. ஆனால் ஒருவராவது நேராகப் போகவில்லை. எல்லோரும் இடப்பக்கமே திரும்பித் திரும்பி மூச்சு வாங்கியதில், மொத்த வகுப்பும் இடப்பக்கமாக வளைந்து, செக்கு மாடு மாதிரி குளத்தைச் சுற்றி வந்தது. டாக்ஸிக்காரர் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்து, அக்கரை வந்துவிட்டதாக எல்லோருக்கும் கை கொடுத்தார்.

"மாமா, எல்லாருக்கும் ஸ்டீயரிங் கோளாறு!"

மாஸ்டர் தலையில் கை வைத்தார். போனை இடப்பக்கம் வைக்கச் சொன்னவர் அவரேதான்.

டீக்கார அக்கா படியில் இறங்கினாள். கம்பியைப் பிடித்தாள். விடவில்லை.  முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னம்மா?" என்று மாஸ்டர் குனிந்தார்.

"வீட்டுல இடப்பக்கம் உங்க சத்தம் இருக்கும் மாஸ்டர். இங்க வெறும் தண்ணியாவே இருக்கு."

அவ்வளவுதான். மாஸ்டர் இடது கரையில் தடாலென்று குப்புறப் படுத்தார். தாடை தண்ணீரில் பட்டது.

"இப்ப இருக்கா?"

"இருக்கு."

"ஊது..."

அவள் கம்பியை விட்டாள். வலப்பக்கம் மைத்துனர் கைகளை விரித்தபடி கூடவே வந்தார். இடப்பக்கம் கரையோடு கரையாக மாஸ்டர் வயிற்றால் ஊர்ந்தார். பல்லி பார்த்திருந்தால் ஊரைவிட்டே போயிருக்கும். சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றாகத் தெறித்தது. "திரும்பு... மூச்சு. ஊது... திரும்பு... மூச்சு." அவள் இடப்பக்கம்தான் வளைந்தாள், அந்தக் குரலை நோக்கி. சுவரில் தோள் உரசியது. குரல் நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள். நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், இருமினாள். மைத்துனரின் கை நீண்டது. அவள் மறுபடி முகத்தை உள்ளே விட்டாள். பெரிய குமிழிகள்.

எதிர்ச் சுவரைக் கை தொட்டது.

ஆரவாரம் அடங்கும்வரை முதலாளி பொறுத்திருந்தார். பிறகு, "எனக்கு ஒண்ணும் சரியா தெரியல" என்றார். "நடுவுல லைஃப்கார்டு மறைச்சுக்கிட்டே வந்தாரு. தாங்கிப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா அது கணக்கு இல்ல."

எல்லோரும் மைத்துனரைப் பார்த்தார்கள். அக்கா சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டே பார்த்தாள். மாஸ்டர் படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

மைத்துனர் தம் இரண்டு கைகளையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். 

"சார், இது முடியவே முடியாதுன்னு முதல் நாள்லேருந்து ஊரெல்லாம் சொன்னவன் நான். எங்க மாமா சொல்றதுல முக்காவாசி புளுகு. ஆனா என் விரல்கூட அவங்க மேல படல. அவங்களாத்தான் வந்தாங்க சார். நான் பாத்தேன். நடந்துச்சு."